சுழலும் விமானம்: கையால் மீட்பதா, குடையை விரிப்பதா?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டி விளையாடாதவர்கள் இருக்க முடியாது. கண்டக்டர் திட்டும்வரை அது ஒரு நல்ல பரிசோதனை. உள்ளங்கையைக் கிடையாக வைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். கட்டைவிரல் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் கை தானாக மேலே எழும். இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் இன்னும் எழும். ஆனால் ஓர் அளவைத் தாண்டி நிமிர்த்திவிட்டால் எழுவது நின்றுபோய், காற்று கையைப் பின்னால்தான் தள்ளும்.

விமானத்தின் இறக்கையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள சாய்வைத் தாக்குகோணம் என்பார்கள். சிறிய விமானங்களில் அது சுமார் 15 முதல் 18 டிகிரியைத் தாண்டும்போது, இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு கலைந்துவிடும். தூக்குவிசை சட்டென்று குறையும். இதற்குப் பெயர் ஸ்டால். வண்டி ஸ்டால் ஆகிவிட்டது என்றால் நமக்கு என்ஜின் நின்றதுதான் நினைவுக்கு வரும். இங்கே என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்ஜின் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகலாம்.

ஸ்டால் மட்டும் என்றால் பெரிய ஆபத்தில்லை. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் காற்று மறுபடி இறக்கையைப் பிடித்துக்கொள்ளும். தொல்லை எப்போது வருகிறது என்றால், இரண்டு இறக்கைகளும் ஒரே அளவில் ஸ்டால் ஆகாதபோது. விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே ஸ்டால் ஆனால், உள்பக்க இறக்கை அதிகமாகத் தூக்கை இழந்து கீழே சரியும். சரிவதாலேயே அதன் தாக்குகோணம் இன்னும் கூடும்; அதனால் இன்னும் சரியும். இப்போது விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கும். மகோகனி மரத்தின் விதை காற்றில் சுழன்று சுழன்று விழுவதைப் பார்த்திருந்தால் போதும், அதுதான் ஸ்பின். விதை மெதுவாக இறங்கும், விமானம் அப்படி இறங்காது. அதுதான் வித்தியாசம்.

இதில் கொடுமை என்னவென்றால், மனிதனின் கை இயல்பாகச் செய்வதெல்லாம் இந்த இடத்தில் தப்பு. தரை முகத்துக்கு நேரே வருகிறது, உடனே யாரும் கட்டுப்பாட்டுக் கழியைத் தன்பக்கம் இழுக்கத்தான் பார்ப்பார்கள். இழுத்தால் தாக்குகோணம் கூடும், ஸ்டால் தொடரும். சரி, இடது இறக்கை சரிகிறதே, வலப்பக்கம் திருப்பி அதைத் தூக்கலாம் என்று தோன்றும். அப்படித் திருப்பினால் இடது இறக்கையின் ஓரத்தில் உள்ள ஏலரான் என்ற மடிப்புப் பலகை கீழே இறங்கும். சாதாரண நேரத்தில் அது இறக்கையைத் தூக்கும். ஏற்கனவே ஸ்டால் ஆன இறக்கையில் அதே பலகை தாக்குகோணத்தையும் இழுவிசையையும் கூட்டிச் சுழற்சியை மோசமாக்கிவிடும். மணலில் வழுக்கும் பைக்கில் முன் பிரேக்கை அழுத்துகிற மாதிரி. அழுத்தக்கூடாது என்று தெரியும், ஆனால் விரல் கேட்காது.

விமானம் பறக்க ஆரம்பித்த முதல் சில ஆண்டுகளில் ஸ்பின் என்றாலே சாவு என்று நினைத்திருந்தார்கள். 1912 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை லெஃப்டினன்ட் ஓட்டிய ஆவ்ரோ விமானம் சில நூறு அடி உயரத்தில் சுழலத் தொடங்கியது. அன்றைய வழக்கப்படி கழியை இழுத்தார், சுழலும் பக்கமாகவே ரட்டரைத் திருப்பினார். ரட்டர் என்பது வாலில் உள்ள சுக்கான், காலால் மிதித்து இயக்குவது. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசி முயற்சியாக ரட்டரை எதிர்ப்பக்கம் முழுதாக மிதித்தார். தரைக்குச் சுமார் 50 அடி இருக்கும்போது சுழற்சி நின்று விமானம் நிமிர்ந்தது. கீழே பல விமானிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால், அவர் இறங்கியதும் என்ன செய்தார் என்று ஒன்றுவிடாமல் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பார்க் அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விபத்தில் இறந்துபோனார். முதல் உலகப்போரின்போது ஃப்ரெட்ரிக் லிண்டமன் என்ற இயற்பியலாளர் தானே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வேண்டுமென்றே ஸ்பின்னில் நுழைந்து, சுழன்றுகொண்டே கருவிகளின் அளவுகளை மனத்தில் பதித்துக்கொண்டு வந்து கணக்குப் போட்டார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்கு இன்னும் வியப்புதான்.

அந்த வழியில் வந்ததுதான் இன்றும் சொல்லித்தரும் மீட்பு முறை. நான்கே வேலைகள்: என்ஜின் விசையைக் குறை, ஏலரானை நடுவில் வை, சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் ரட்டரை முழுதாக மிதி, கழியை முன்னால் தள்ளு. சுழற்சி நின்றதும் ரட்டரை நேராக்கி, மெதுவாக மூக்கை உயர்த்தி வெளியே வர வேண்டும். தரையைப் பார்த்தபடி விழுந்துகொண்டிருக்கும்போது கழியை இன்னும் முன்னால் தள்ளுவது என்பது சொல்ல எளிது. பயிற்சி இல்லாத கை அதைச் செய்யாது.

அப்படியானால் எல்லா விமானிகளுக்கும் இதைக் கட்டாயப் பயிற்சி ஆக்கிவிடலாமே? அமெரிக்காவில் அப்படித்தான் இருந்தது. 1949-இல் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது அங்கே பயிற்றுநர் ஆக விரும்புகிறவர்கள் மட்டுமே ஸ்பின்னில் நுழைந்து மீண்டுவரக் கற்றுக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு ஸ்டாலை முன்கூட்டியே உணர்ந்து தவிர்ப்பதுதான் பாடம். இந்த முடிவு சரியா என்று விமானிகள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சண்டையின் மையம் உயரம். செஸ்னா நிறுவனத்தின் 152 போன்ற பயிற்சி விமானங்களின் கையேட்டில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒரு சுற்று சுழன்று மீண்டுவர சுமார் 1,000 அடி உயரம் செலவாகும். ஆறு சுற்று என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இது எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவருக்கான கணக்கு. ஆனால் ஸ்பின் நிஜத்தில் எங்கே நடக்கிறது? பயிற்சிக்காக ஏறிய 5,000 அடியில் இல்லை. தரையிறங்க வரும்போது, ஓடுபாதையை நோக்கிக் கடைசித் திருப்பம் திரும்பும் இடத்தில்தான் அதிகம். அங்கே உயரம் சுமார் 500 அடி. காற்று தள்ளிவிட்டதால் விமானம் ஓடுபாதை நேர்க்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது என்று வையுங்கள். இன்னும் சாய்த்துத் திரும்பப் பயந்து, விமானி ரட்டரை மிதித்து மூக்கை மட்டும் உள்ளே திருப்பப் பார்ப்பார். மூக்கு தாழ்கிறதே என்று கழியை இழுப்பார். ஸ்பின்னுக்கு வேண்டிய இரண்டு பொருளும் சேர்ந்துவிட்டது. 500 அடியில் 1,000 அடி செலவு செய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் பாராசூட் வருகிறது. மனிதனுக்கு அல்ல, முழு விமானத்துக்கும்.

போரிஸ் போபோவ் என்ற அமெரிக்கர் 1970-களில் ஹேங் கிளைடரில் பறந்தபோது அது வானத்திலேயே உடைந்து, சில நூறு அடி உயரத்திலிருந்து ஏரியில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். விழுந்துகொண்டிருந்த நேரத்தில் ஏன் ஒரு பாராசூட்கூட இல்லை என்று அவருக்குக் கோபம் வந்ததாம். 1980-இல் மினசோட்டாவில் பாலிஸ்டிக் ரிகவரி சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். முதலில் மிக இலகுவான விமானங்களுக்கு, பிறகு செஸ்னாவுக்கு என்று பாராசூட்டுகள் செய்தார்கள்.

அதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கலாம் என்று துணிந்தவர்கள் சிரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஆலன், டேல் கிளாப்மயர் சகோதரர்கள். அதற்குக் காரணம் இருந்தது. 1985-இல் ஆலன் ஓட்டிய விமானமும் இன்னொன்றும் நடுவானில் மோதின. ஆலனின் இறக்கையில் ஒரு பகுதி போய்விட்டது, எப்படியோ இறக்கிவிட்டார். மற்றவர் இறந்துபோனார். 1998-இல் சான்றிதழ் பெற்ற சிரஸ் எஸ்ஆர்20 பாராசூட்டுடனேயே வந்தது. அதை வானத்தில் விரித்துச் சோதித்துப் பார்த்த விமானி ஸ்காட் ஆண்டர்சன். அவரே 1999 மார்ச்சில், டுலூத் நகருக்கு அருகே, முதலாவதாகத் தயாரான எஸ்ஆர்20-ஐச் சோதிக்கும்போது ஏலரான் சிக்கிக்கொண்டதால் விழுந்து இறந்தார். அந்த விமானத்தில் பாராசூட் இன்னும் பொருத்தப்படவில்லை.

இது வேலை செய்யும் விதம் எளிது, ஆனால் அழகானது. விமானியின் தலைக்கு மேலே கூரையில் ஒரு சிவப்புக் கைப்பிடி. அதை இரண்டு கையாலும் பிடித்து, கம்பியில் தொங்கி உடலைத் தூக்குகிற மாதிரி கீழே இழுக்க வேண்டும். சுமார் 20 கிலோ விசை தேவைப்படும். இழுத்ததும் பின்பக்கம் உள்ள சிறிய ராக்கெட் பற்றிக்கொண்டு, கூரையின் மூடியைப் பிய்த்துக்கொண்டு, பாராசூட் பையை விமானத்தைவிட்டுத் தள்ளி இழுத்துப் போகும். ராக்கெட் எதற்கு என்றால், விமானம் எந்த நிலையில் சுழன்றுகொண்டிருந்தாலும் துணி இறக்கையிலோ வாலிலோ சிக்கக்கூடாது, அதற்கு முன்னே கயிறு முழுதாக நீண்டுவிட வேண்டும். கயிற்றுப் பட்டைகள் விமானத்தின் உடலோடு ஒட்டி, மெல்லிய மேல்தோலுக்கு அடியில் புதைந்திருக்கும். இழுவிசை வந்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

55 அடி விட்டமுள்ள அந்தக் குடை ஒரே நொடியில் முழுதாக விரிந்தால் கிழிந்துபோகும், விமானத்தையும் பிய்த்துவிடும். அதனால் குடையின் கயிறுகளைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். காற்று நிரம்ப நிரம்ப அது மெதுவாகக் கீழே வழுக்கி இறங்கும். குடை படிப்படியாக விரியும். நம் மழைக்குடையில் கம்பி ஓடுகிற வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். முதலில் மூக்கு தாழ்ந்தபடி தொங்கும் விமானம், சில விநாடி கழித்துப் பின்பக்கக் கட்டு ஒன்று தானாக அறுபட்டதும் சமநிலைக்கு வரும்.

பஞ்சுமெத்தையில் இறங்குவது போல இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நிமிடத்துக்குச் சுமார் 1,700 அடி வேகத்தில் இறங்கும். அதாவது ஒரு மாடி உயரத்திலிருந்து விமானத்தோடு கீழே போட்ட மாதிரி. சக்கரங்களின் கால்களும், இருக்கைக்கு அடியில் தேன்கூடு போன்ற அறைகளுள்ள அலுமினியத் தகடும் நசுங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். விமானம் பெரும்பாலும் பாழ். முதுகு வலிக்கும். உயிர் இருக்கும்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆரம்பகால சிரஸ் கையேட்டின்படி, நேராகப் பறக்கும்போது கைப்பிடியை இழுத்தால் குடை முழுதாக விரிய சுமார் 400 அடி போகும். ஒரு சுற்று ஸ்பின்னுக்குப் பிறகு இழுத்தால் சுமார் 920 அடி. செஸ்னாவைக் கையால் மீட்க 1,000 அடி. இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கம்தான்! 500 அடியில் ஸ்பின்னில் விழுந்தவரைக் கையும் காப்பாற்றாது, குடையும் காப்பாற்றாது. பாராசூட்டா பயிற்சியா என்று சண்டை போடுகிற பலரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

சிரஸுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர்கள் இறக்கையின் வடிவத்தையே மாற்றினார்கள். சிரஸ் விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இறக்கையின் முன்விளிம்பில் ஓரிடத்தில் படிபோல ஒரு முறிவு தெரியும். அதற்கு வெளியே உள்ள பகுதி சற்றுக் குறைந்த கோணத்தில் இருக்கும். உடலுக்கு அருகே உள்ள பகுதி ஸ்டால் ஆன பிறகும் வெளிப்பகுதி பறந்துகொண்டிருக்கும், அங்கே இருக்கும் ஏலரானும் வேலை செய்யும். நாசா பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டறிந்த உத்தி இது. ஸ்பின்னிலிருந்து மீள்வதைவிட ஸ்பின்னுக்குள் போவதையே கடினமாக்குவது நோக்கம்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமும் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. இந்த வகைச் சிறு விமானத்துக்கு வழக்கமாகக் கேட்கும் ஸ்பின் மீட்புச் சோதனைக்குப் பதிலாக, இந்த இறக்கையும் பாராசூட்டும் சேர்ந்து அதே அளவு பாதுகாப்பைத் தருகின்றன என்று சான்றிதழ் கொடுத்தது. கையேட்டில் ஸ்பின்னிலிருந்து மீள அங்கீகரிக்கப்பட்ட ஒரே வழி பாராசூட் என்று எழுதினார்கள். அவ்வளவுதான், சிரஸ் ஸ்பின்னில் விழுந்தால் மீட்கவே முடியாது, அதை மறைக்கத்தான் குடையைக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி இன்றுவரை ஓயவில்லை. உண்மையில் ஐரோப்பாவின் சான்றிதழுக்காக சிரஸை ஸ்பின்னில் செலுத்திப் பார்த்தார்கள். வழக்கமான ரட்டர், கழி முறையிலேயே அது மீண்டது. அதை எல்லா விமானிகளும் நம்பியிருக்கலாமா என்பது வேறு கேள்வி.

பாராசூட்டின் நிஜமான பலம் ஸ்பின்னுக்கு வெளியேதான் இருக்கிறது. 2002 அக்டோபரில் டெக்சஸில் பறந்துகொண்டிருந்த ஒரு சிரஸின் ஏலரான் ஒன்று கழன்று தொங்கியது. பராமரிப்பு முடிந்து அப்போதுதான் வெளியே வந்த விமானம். விமானி கைப்பிடியை இழுத்து, ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே காயமில்லாமல் இறங்கினார். சிரஸ் பாராசூட் காப்பாற்றிய முதல் உயிர் அது. 2015 ஜனவரியில் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குத் தனியாகப் போன ஒருவர், கூடுதல் தொட்டியிலிருந்து எரிபொருள் வராமல், கடல் நடுவே குடையை விரித்து இறங்கினார். கடலோரக் காவல்படை விமானம் அதை மேலிருந்து படமெடுத்தது. அந்த வழியில் வந்த பயணக் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது. 2021 மே மாதம் டென்வர் அருகே ஒரு சிரஸும் சரக்கு விமானம் ஒன்றும் தரையிறங்க வரும்போது மோதின. சரக்கு விமானம் உடலின் மேற்பாதி கிழிந்து திறந்துகிடந்தபடியே ஓடுபாதையில் இறங்கியது. சிரஸ் குடையில் தொங்கி வயலில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. இந்த மூன்றிலும் ஸ்பின் மீட்புப் பயிற்சியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

குடை எப்போதும் கைகொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. 2010-இல் கொலராடோவில் மோதலில் தீப்பிடித்த ஒரு சிரஸ் குடையில் தொங்கியபடியே எரிந்தது. வேகத்துக்கும் எல்லை உண்டு: ஆரம்பகால விமானங்களில் குடையை விரிப்பதற்குச் சோதித்துக் காட்டிய அதிகபட்ச வேகம் 133 நாட், அதாவது மணிக்குச் சுமார் 246 கிலோமீட்டர். மேகத்துக்குள் அல்லது இருட்டில் திசை குழம்பிய விமானி பெரும்பாலும் ஸ்பின்னில் விழுவதில்லை. சாய்ந்து வட்டமடித்துக்கொண்டே கீழே பாயும் சுருள் பாய்ச்சலில் விழுவார். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஸ்பின்னில் வேகம் குறைவாகவே நிற்கும், சுருளில் விநாடிக்கு விநாடி ஏறும். அதில் தயங்கினால் குடை தாங்கும் வேகத்தைத் தாண்டிப் போய்விடும்.

தயக்கம் என்றேன். முதல் பத்தாண்டுகளில் சிரஸ் விபத்துகளைப் பார்த்தவர்களுக்கு வந்த பெரிய அதிர்ச்சி அதுதான். பாராசூட் இருந்தும் சாவு எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு குறையவில்லை. பலர் கைப்பிடியை இழுக்கவே இல்லை. விமானத்தைக் காப்பாற்றிவிடலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று கடைசிவரை கழியோடு போராடியிருக்கிறார்கள். நல்ல விமானி என்றால் கையால் சமாளிப்பவர் என்ற பெருமையும் ஒரு காரணம். கைப்பிடியை இழுத்த நொடியில் விமானம் காப்பீட்டுக் கம்பெனியின் சொத்து என்று விமானிகள் கேலியாகச் சொல்வார்கள். அது கேலி மட்டுமல்ல, அந்த எண்ணத்தை முன்கூட்டியே மனத்தில் ஏற்றிக்கொள்ளும் வழி. சிரஸ் உரிமையாளர் சங்கமும் நிறுவனமும் சேர்ந்து பயிற்சியை மாற்றின. எந்திரத்தில் எதையும் மாற்றாமல், இழுக்கலாமா என்ற கேள்வியை எப்போது இழுப்பது என்று மாற்றினார்கள். அதன்பிறகு சாவு விகிதம் நன்றாகவே இறங்கியது. நிறுவனத்தின் கணக்கில் 250-க்கும் மேற்பட்டவர்கள் இந்தக் குடையில் தொங்கி உயிரோடு இறங்கியிருக்கிறார்கள்.

நம் ஊரிலும் இந்தப் பேச்சு வந்தது. இந்திய விமானப்படையின் முதல்நிலைப் பயிற்சி விமானமாக இருந்த எச்பிடி-32 தீபக், என்ஜின் கோளாறால் பலமுறை விழுந்து உயிர்களை வாங்கியது. வெளியே பாய்ந்து தப்ப அதில் எஜெக்ஷன் இருக்கை கிடையாது. 2009-இல் அதைத் தரையில் நிறுத்திய பிறகு, முழு விமானத்துக்குமான பாராசூட்டைப் பொருத்தி மீண்டும் பறக்கவிடலாமா என்று விமானப்படை யோசித்தது. அது நடக்கவில்லை. எஜெக்ஷன் இருக்கை உள்ள பிலாட்டஸ் விமானம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அப்படியென்றால் நாம் டிக்கெட் எடுத்துப் போகும் பெரிய விமானத்துக்கு ஏன் இது இல்லை என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எடைதான். சிரஸ் எஸ்ஆர்22 ஒன்றரை டன்னைச் சற்றுத் தாண்டும். போயிங் 737 போன்றவை எழும்பும்போது எழுபது டன்னுக்கும் மேல். வேகமும் பல மடங்கு. அதைத் தாங்கும் துணியையும் கயிற்றையும் ஏற்றினால் பயணிகளுக்கு இடமிருக்காது.

குடை உள்ள விமானத்தை ஓட்டுகிறவர் புறப்படும் முன் கைப்பிடியிலுள்ள பாதுகாப்புப் பின்னை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. பிறகு, எழும்பும் முன்பே சிரஸ் பயிற்சியில் உரக்கச் சொல்லச் சொல்வார்கள்: 500 அடிக்குக் கீழே என்ஜின் நின்றால் நேராக முன்னே இறங்குவேன், 500-லிருந்து 2,000 வரை உடனே இழுப்பேன், 2,000-க்கு மேல் முதலில் காரணம் பார்ப்பேன். புதிய விமானங்களில் 500 என்பது 600 ஆகிவிட்டது. விமானம் ஏறத் தொடங்கியதும், உயரமானியில் அந்த எண் வரும்போது மறுபடி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, நிமிர்ந்து கைப்பிடியை ஒரு பார்வை பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புதியவருக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்தான்.